பேரேடும் சாட்சிக் கூண்டும்: அர்பத்நாட் திவாலும் வக்கீல் வ. கிருஷ்ணசாமி ஐயரும்

வணிக நிறுவனங்கள் தம் பங்குதாரர்களோடும், தம்மிடம் பணம் போட்டவர்களோடும், தமக்குள்ளேயும், சில வேளைகளில் அரசோடும் கொள்ளும் பூசல்கள் நீதிமன்றம் ஏறும்போது அவை நிறும வழக்குகள் எனப்படுகின்றன. நிறுமம் என்பது சட்டப்படி பதிவுபெற்று, தன்னை நடத்தும் மனிதர்களிலிருந்து வேறான ஓர் ஆளாகவே சட்டத்தால் கருதப்படுவது. பேச்சு வழக்கில் கம்பெனி எனப்படுவதும் இதுவே. வரப்புத் தகராற்றிலும் பாகப்பிரிவினையிலும் வழக்குக்குரிய பொருளை நேரில் சென்று பார்க்கலாம், சர்வேயரைக் கொண்டு அளக்கலாம், பக்கத்து வயல்காரரைச் சாட்சிக்கு அழைக்கலாம். நிறும வழக்கிலோ பொருள் பெரும்பாலும் ஏடுகளுக்குள் கிடக்கிறது. ஆள்பேர் வாரியாகப் பற்றுவரவைத் தொகுத்துக் காட்டும் பேரேடு, ஒரு குறிப்பிட்ட நாளில் நிறுவனத்துக்குள்ள சொத்தையும் கடனையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் ஐந்தொகை, இயக்குநர் கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் ஆகியவற்றைப் படித்து, அவற்றில் பதிந்திருக்கும் செயலை வெளிக்கொணர்ந்து, சாட்சிக் கூண்டில் நிற்பவரின் வாயாலேயே அதை உறுதிப்படுத்துவது விசாரணை வழக்கறிஞரின் பணி. மேல்முறையீட்டில் வாதிடுபவர் முடிந்த சாட்சியத்தின்மேல் சட்டம் பேசுகிறார். விசாரணை வழக்கறிஞர் அந்தச் சாட்சியத்தையே உருவாக்குகிறார்.

இப்பணி சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களுக்கு மட்டும் உரியது என்று தேனி மாவட்டத்து மார்க்கையன்கோட்டையில் நினைப்பதற்கு இடமில்லை. முல்லைப்பெரியாற்று நீரில் நெல் விளையும் இவ்வூரும், இதைச் சுற்றியுள்ள சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களும் விளைச்சலை விற்று வாழ்பவை. நெல்லும் தென்னையும் வாழையும் பன்னீர் திராட்சையும் கம்பம் பள்ளத்தாக்கில் விளைய, மலைக்கு அப்பால் ஏலக்காயும் மிளகும் விளைகின்றன. ஓர் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே வேளாண் குடும்பத்தின் பணம் பெரும்பாலும் பிறர் கையில் இருக்கிறது: கமிஷன் மண்டியில் நிலுவையாக, ஏலச்சீட்டில் தவணையாக, வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைப்புத்தொகையாக. பிறர் கையில் உள்ள பணத்தைப் பற்றிய சட்டமே நிறும வழக்குகளின் மையம். ஆகவே இத்துறை வழக்கறிஞரின் பெருமையை அவர் வாங்கிய கட்டணத்தாலோ, அவரை அமர்த்திய நிறுவனத்தின் அளவாலோ மதிப்பிடுவது போதாது. கணக்கேட்டைப் படிக்க வழியில்லாத ஆயிரக்கணக்கானோருக்காக அவர் எதைப் படித்துச் சொன்னார் என்பதாலேயே மதிப்பிட வேண்டும் என்பது இவ்வுரையின் நிலைப்பாடு. அதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் சிறந்த சான்று வ. கிருஷ்ணசாமி ஐயரின் வாழ்க்கையும், 1906இல் நிகழ்ந்த அர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சியும் ஆகும்.

கிருஷ்ணசாமி ஐயர் 1863இல் தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்வி கற்று 1885இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அக்காலச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குரைப்போர் ஒரே வகுப்பினராக இல்லை. இங்கிலாந்து சென்று பயின்று திரும்பியவர் பாரிஸ்டர்; இந்தியாவிலேயே சட்டம் பயின்று உயர் நீதிமன்றத்தால் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் வக்கீல். பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களின் வழக்குகள் இயல்பாகவே பாரிஸ்டர்களிடம் சென்றன. மிராசுதார்களும் கோயில்களும் ஜமீன்களும் வக்கீல்களை நாடினர். (இவ்வேறுபாடு 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தால் முற்றாக நீங்கியது.) இந்தியர்களின் நிலமும் நகையும் சேமிப்பும் பற்றிய வழக்குகளில் இருபது ஆண்டுகள் ஊறிய ஒருவர், ஆங்கிலேய வணிக இல்லம் ஒன்றின் கணக்குகளை ஆராயும் நிலை வந்தபோது, அந்த அனுபவம் வீண்போகவில்லை. 1891இல் தொடங்கப்பெற்று இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்தாளும் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ என்னும் தீர்ப்புத் தொகுப்பு இதழை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர் என்பது, தீர்ப்புகளை முறையாகத் தொகுத்துப் படிப்பதில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைக் காட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் மூன்று பெரும் ஆங்கிலேய வணிக இல்லங்கள் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகியவை. மூன்றினுள்ளும் மிக உறுதியானது எனக் கருதப்பட்டது அர்பத்நாட். அது ஏற்றுமதி வணிகத்தோடு வைப்புத்தொகையும் பெற்றது. ஓய்வூதியம் பெற்ற அரசு ஊழியர், கைம்பெண்கள், நிலக்கிழார்கள் என மாகாணம் முழுவதிலுமிருந்து மக்கள் அதில் பணம் போட்டனர். இலண்டனில் பி. மக்ஃபாடியன் அண்டு கம்பெனி என்னும் தொடர்புடைய இல்லம் இயங்கியது. அதன் தலைவரான பாட்ரிக் மக்ஃபாடியன் சென்னை இல்லத்திலும் கூட்டாளி. 1906 அக்டோபர் 20ஆம் நாள் இலண்டனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அக்டோபர் 22, திங்கட்கிழமை, சென்னைக் கடற்கரைச் சாலையில் இருந்த அர்பத்நாட் அலுவலகம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதன் தலைமைக் கூட்டாளி சர் ஜார்ஜ் கஃப் அர்பத்நாட், சென்னை ஆங்கிலேயச் சமூகத்தின் முதல் வரிசையில் இருந்தவர்.

இங்கே ஒரு சட்ட நுட்பத்தைத் தெளிவாக்குவது தேவை. அர்பத்நாட் பெயரளவில் கம்பெனி என வழங்கப்பட்டாலும் சட்டத்தில் அது நிறுமம் அன்று. சிலர் சேர்ந்து நடத்திய கூட்டாண்மை. அப்போது நடைமுறையில் இருந்த 1882ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டம், பத்துப் பேருக்கு மேற்பட்டோர் சேர்ந்து வங்கித் தொழில் நடத்தினால் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றது. அந்த எண்ணிக்கைக்கு உட்பட்ட கூட்டாண்மைக்கு அக்கட்டாயம் இல்லை. பதிவு இல்லையெனில் ஐந்தொகையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டிய கடமையும் இல்லை. கூட்டாண்மையில் ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் கடன் முழுவதற்கும் தம் சொந்தச் சொத்தால் பொறுப்பேற்கிறார் என்பதால், பெரிய மாளிகைகளையும் பெரிய பட்டங்களையும் கண்ட மக்கள் தம் பணத்துக்கு அவையே ஈடு என்று நம்பினர். ஆனால் அந்த மாளிகைகளின் மேல் எத்தனை கடன் ஏறியிருந்தது, சென்னையில் வாங்கிய வைப்புத்தொகையில் எவ்வளவு இலண்டன் வழியே போனது என்பதைச் சொல்லும் ஏடு எதுவும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. வைப்பாளர் சட்டத்தில் வெறும் கடனீந்தோர். அவரிடம் அடமானம் இல்லை, முன்னுரிமை இல்லை, ஒரு ரசீது மட்டுமே இருந்தது.

திவால் நடவடிக்கை என்பது கடனாளியின் சொத்து முழுவதையும் நீதிமன்றத்தின் சார்பாக ஓர் அலுவலர் தம் பொறுப்பில் எடுத்து, விற்று, கடனீந்தோருக்கு விகிதப்படி பங்கிடுவது. அந்த அலுவலர் சென்னையில் ‘அஃபிஷியல் அசைனி’ எனப்பட்டார். அன்று நடைமுறையில் இருந்தது 1848ஆம் ஆண்டு இந்தியத் திவால் சட்டம். அர்பத்நாட் மீதான திவால் நடவடிக்கையில் ஈடுபட்ட வழக்கறிஞர்களுள் கிருஷ்ணசாமி ஐயர் ஒருவர். இத்தகைய வழக்கில் வழக்கறிஞர் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளப் பள்ளத்தாக்கின் வேளாளர் அறிந்த ஒரு செயல் உதவும்: வாய்க்காலில் நீர் குறைந்தால், தலைமதகு தொடங்கி ஒவ்வொரு மடையாகப் பார்த்து, எங்கே எவ்வளவு, எந்நேரத்தில், யார் திறந்து திருப்பினார் என்று தேடிச் செல்வதைப்போல, பணம் நுழைந்த நாளிலிருந்து அது எந்தப் பேரேட்டுப் பக்கத்திலிருந்து எந்தப் பேரேட்டுப் பக்கத்துக்குச் சென்றது என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு பதிவு விடுபட்டாலும் தொடர் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் எதிர்த்தரப்பு நின்றுகொள்ளும்.

நட்டமடைவது குற்றம் அன்று. வணிகம் தோற்றதாலேயே ஒருவரைச் சிறைக்கு அனுப்ப எந்தச் சட்டமும் இடம் தருவதில்லை, தரவும் கூடாது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் ஏமாற்றுதல் என்று வரையறுத்தது, பணத்தைப் பெறும் அந்த வேளையிலேயே பெறுபவரிடம் வஞ்சக எண்ணம் இருந்ததை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்கருத்து மாறவில்லை. ஆகவே வைப்புத்தொகை வழக்கு ஒவ்வொன்றிலும் கேள்வி ஒரு நாளைச் சுற்றியே அமைகிறது: குறிப்பிட்ட ரசீது எழுதப்பட்ட நாளில் நிறுவனத்தின் கடன் அதன் சொத்தைவிட மிகுந்திருந்ததா, மிகுந்திருந்தது என்பது நடத்தியவருக்குத் தெரிந்திருந்ததா? முதல் பாதியைக் கணக்கர் நிறுவலாம். இரண்டாம் பாதியைக் கணக்கு மட்டும் நிறுவாது. கடிதங்களும், கையெழுத்தும், எந்த அறிக்கை எந்த மேசைக்கு எப்போது சென்றது என்னும் சான்றும், அவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எதிரில் வைத்து நடக்கும் குறுக்கு விசாரணையும் வேண்டும். எதிர்த்தரப்புச் சாட்சியை வினவி அவர் சொன்னதன் உண்மையைச் சோதிப்பதே குறுக்கு விசாரணை. உரத்த குரலால் அது வெல்வதில்லை. சாட்சி மறுக்க முடியாத சிறிய உண்மைகளை முதலில் பெற்று, அவற்றின் கூட்டுத்தொகையை மறுக்க முடியாமல் செய்வதே அதன் வலிமை. சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக்காக விசாரிக்கப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆட்சியாளர் இனத்தைச் சேர்ந்த, சர் பட்டம் பெற்ற ஒருவர் இந்திய வைப்பாளர்களின் பணத்துக்காகச் சிறை சென்றது அக்காலத்தில் சிறிய செய்தி அன்று. எனினும் தண்டனை வைப்பாளரின் பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; குற்ற வழக்கும் திவால் வழக்கும் இருவேறு பாதைகள், இரண்டிலும் நடப்பவர் ஒரே வைப்பாளர்.

கிருஷ்ணசாமி ஐயரின் தனித்தன்மை இதற்குப் பின் நிகழ்ந்ததில் தெரிகிறது. பெரும்பாலான வழக்கறிஞர்களுக்குத் தீர்ப்போடு வழக்கு முடிந்துவிடுகிறது. அவரோ, வழக்கில் தாம் கண்ட குறை எது என்று கேட்டு, அக்குறை இல்லாத ஒரு நிறுவனத்தை உருவாக்க முனைந்தார். நகரத்தார் வணிகர்களையும் பிறரையும் ஒன்றுகூட்டி அவர் முன்னின்று தொடங்கியதே இந்தியன் வங்கி. அது 1907 மார்ச் 5இல் பதிவு பெற்று, 1907 ஆகஸ்ட் 15இல் அலுவலைத் தொடங்கியது. சுதேசி உணர்வு அதற்கு உரமாக இருந்தது என்று எல்லாரும் எழுதுவர், அது உண்மையே. ஆயினும் அதன் சட்ட வடிவம் அதைவிடக் கவனத்துக்குரியது. கூட்டாண்மையை விடுத்து, பங்குகளால் அமைந்த, பங்குதாரரின் பொறுப்பு அவர் வாங்கிய பங்கின் அளவோடு நிற்கும், ஆனால் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடக் கடமைப்பட்ட நிறுமம் அது. ஒருவருடைய மாளிகையை நம்பிப் பணம் போடுவதற்குப் பதிலாக, படித்துப் பார்க்கத்தக்க ஒரு தாளை நம்பிப் பணம் போடும் நிலையை அது ஏற்படுத்தியது. அர்பத்நாட் வழக்கின் தீர்ப்பைவிட இதுவே அவ்வழக்கிலிருந்து பிறந்த பெரிய பயன் என்பது இவ்வுரையாளர் கருத்து. அர்பத்நாட் இல்லம் இருந்த கடற்கரைச் சாலை இடமே பின்னர் அவ்வங்கியின் தலைமையிடம் ஆயிற்று. அச்சாலை இன்று ராஜாஜி சாலை.

அதே 1907இல், அரசியலில் தீவிரக் கட்சியைச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதியின் சுதேச கீதங்களை, மிதவாதியான கிருஷ்ணசாமி ஐயர் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கியதைத் தமிழர் நன்கறிவர். எதிர்க்கட்சிக்காரரின் தகுதியைத் தகுதி என்றே ஏற்கும் இம்மனம் வழக்கறிஞருக்குத் தொழில்முறையிலும் இன்றியமையாதது. எதிர்த்தரப்பின் வாதத்தில் உள்ள வலிமையை நேர்மையாக எடை போடத் தெரியாதவர் தம் கட்சிக்காரருக்கு நல்ல அறிவுரை சொல்ல இயலாது. அவர் 1909இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1911இல் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினராகப் பொறுப்பேற்று, அவ்வாண்டு டிசம்பர் 28இல், தம் 48ஆம் வயதில் காலமானார். அவர் நீதிபதியான அதே 1909இல்தான் 1848ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் மாகாணத் தலைநகரங்களுக்கான புதிய திவால் சட்டம் இயற்றப்பட்டது.

ஐந்தொகை வெளியிடுவது மட்டும் போதும் என்று எண்ணினால் அதுவும் பிழை. 1937இல் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலான் வங்கியும் இணைந்து ஒரே வங்கியாயின. 1938 ஜூனில் அது பணம் கொடுப்பதை நிறுத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. கலைத்தல் என்பது திவாலில் தனியாளுக்கு நேர்வதை நிறுமத்துக்குச் செய்வது: சொத்தை விற்று, கடனைப் பங்கிட்டு, நிறுமத்தின் சட்ட உயிரையே முடிப்பது. அவ்வங்கி உண்மையிலேயே நொடித்திருந்ததா, அல்லது அன்றைய திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் அதன் தலைவர்களுக்கும் இடையே இருந்த பகையால் வைப்பாளர் அஞ்சித் திரண்டு அது வீழ்ந்ததா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் மாறுபடுகின்றனர். சி.பி. இளமையில் கிருஷ்ணசாமி ஐயரிடம் தொழில் பழகியவர் என்பது சிந்திக்கத்தக்கது. வைப்பாளர் அனைவரும் ஒரே வாரத்தில் பணம் கேட்டால் ஒழுங்காக நடக்கும் வங்கியும் தாங்காது. ஏனெனில் வங்கியின் சொத்து கடனாக வெளியே இருக்கிறது. இந்நிலையில் வழக்கறிஞரின் கேள்வி முற்றிலும் மாறிவிடுகிறது: சொத்து இல்லையா, அல்லது கையில் ரொக்கம் மட்டும் இல்லையா?

1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது இக்கேள்வியை யார் தீர்மானிப்பது என்பதே வழக்காயிற்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலையேறிப் பீருமேடு வழியே இறங்கினால் எட்டக்கூடிய மீனச்சில் ஆற்றங்கரைப் பாலாவே அவ்வங்கியின் ஊர். ரிசர்வ் வங்கி விண்ணப்பித்தால் உயர் நீதிமன்றம் கலைக்கும் உத்தரவு பிறப்பித்தே ஆகவேண்டும் என்னும் வங்கிக் கம்பெனிகள் சட்டப் பிரிவு செல்லாது என்று வாதிடப்பட்டது. 1962இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அப்பிரிவு செல்லும் என்றது. அவ்வீழ்ச்சியின் விளைவாகவே 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு வைப்பாளருக்கு 1,500 ரூபாய் வரை இருந்த காப்பீடு, 2020 பிப்ரவரி முதல் 5,00,000 ரூபாய் வரை உள்ளது.

பள்ளத்தாக்கின் மேற்கு மலையிலேயே நிகழ்ந்த பெரிய நிறும வழக்கு ஒன்றும் உண்டு. 1877இல் பூஞ்சாற்றுத் தலைவர் ஜான் டேனியல் மன்றோ என்பவருக்கு எழுதிக்கொடுத்த கண்ணன் தேவன் மலைநிலம், 1897இல் அமைந்த கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனியின் கைக்கு வந்தது. ஏறத்தாழ 1,37,000 ஏக்கர். அங்கு விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே வெளியுலகுக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1971இல் கேரள அரசு சட்டமியற்றி அந்நிலத்தை மீட்டது. கம்பெனி உச்ச நீதிமன்றம் சென்றது. 1972இல் தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது. பின்னர் நிலவாரியம் ஏறத்தாழ 57,000 ஏக்கரைக் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தது. இவ்வழக்கின் அச்சாணி பணம் அன்று. பூஞ்சாற்றுத் தலைவர் எழுதிக்கொடுத்த உரிமை எத்தகையது, அது வேளாண் சீர்திருத்தத்துக்கு உட்பட்ட நிலவுரிமைதானா என்பதே. முல்லைப்பெரியாற்று நீருக்கான 1886ஆம் ஆண்டுக் குத்தகை ஆவணமும் இவ்வாறே வரிவரியாக ஆராயப்பட்டு வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஆவணத்தை, எழுதிய நாளின் நிலவியலோடும் வழக்கத்தோடும் சேர்த்துப் படிக்கத் தெரிவது இத்தொழிலில் பேரேட்டுப் படிப்புக்கு இணையான திறம்.

இன்று பள்ளத்தாக்கில் ஒரு நிதி நிறுவனம் வைப்பாளருக்குப் பணம் தராமல் மூடினால் வழி என்ன? மதுரையில் 2004 ஜூலை 24 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்கினாலும், நிறுமங்களின் கலைப்பும் நொடிப்பும் பற்றிய மனுக்கள் 2016இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கே செல்ல வேண்டும். ஆனால் பொதுமக்களிடம் வைப்பு வாங்கும் நிதி நிறுவனங்களுக்காகத் தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டம் இயற்றியது; அதன்படி நிறுவனத்தின் சொத்தை அரசு முடக்கலாம், சிறப்பு நீதிமன்றம் அதை விற்று வைப்பாளருக்குப் பங்கிடலாம். அச்சிறப்பு நீதிமன்றம் மதுரையிலும் உள்ளது. 2011இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என உறுதி செய்தது. மக்கள்பால் அக்கறை கொண்ட சட்டம் இது. ஆயினும் அதைப் பயன்படுத்தும் வழக்குகள் நெடுங்காலம் இழுபடுவதற்கு ஒரு காரணம், முடக்க வேண்டிய சொத்து யார் பேரில் மாற்றப்பட்டிருக்கிறது என்பதை ஏடுகளிலிருந்து கண்டுபிடித்து நிறுவும் வழக்கறிஞர்கள் போதாமை. வைப்பாளர் ரசீது வைத்திருக்கிறார். கடன் உண்டு என்பதை அது காட்டும். சொத்து எங்கே என்பதை அது காட்டாது.

ஆகவே தேனியில் அண்மைக் காலத்தில் தொடங்கியுள்ள அரசு சட்டக் கல்லூரியில் பயிலும் மாணவர்க்கு ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கற்பிக்கும் அதே பருவத்தில், உண்மையான ஒரு கமிஷன் மண்டியின் பேரேட்டையும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஐந்தொகையையும் கையில் கொடுத்து, ஒரு பதிவைத் தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை எழுதிக் காட்டச் செய்யும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும். கணக்காசிரியர் ஒருவரும் உத்தமபாளையத்திலோ பெரியகுளத்திலோ விசாரணை நடத்தி அனுபவம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து அதை நடத்தலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பாடத்திட்டத்தில் சில வாரங்களும், தம் பழைய ஏடுகளைப் பார்க்கத் தர மனமுள்ள இப்பள்ளத்தாக்கின் வணிகர் சிலரும் போதும்.